ஞாயிறு நண்பகலும் கண்டீரவா இரவும்

எங்கள் முற்றத்துக்கு இந்தி கற்றுக்கொடுத்தவர் சக்திமான். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஒரே தண்ணீர்க் குழாயில் பிடித்துக் குடித்த வரிசை வீடுகள் அவை. வீட்டுக்காரம்மா கன்னடம் பேசுவார். பக்கத்து வீட்டில் உருது, மூலை வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். பெரியவர்கள் நான்கையும் தேவைக்கு எடுத்துப் பேசுவார்கள். பிள்ளைகளான எங்களுக்கு நான்கும் கலந்த ஒரு பேச்சு இருந்தது. இந்தி மட்டும் அந்த முற்றத்தில் யாருக்கும் சொந்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் 12 மணிக்கு வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து வைப்பார். கலர் டிவி அவர் வீட்டில்தான் இருந்தது. வாசலில் நின்று தயங்கினால் "ஒளகே பா" என்பார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் வரிசையாக உட்காருவோம். 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான் தொடர் 2005 மார்ச் வரை ஓடியது. என் பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி அதற்குள் அடக்கம்.

பெரியவர்களும் உட்கார்ந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். அதற்குக் காரணம் சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா. பத்து வருஷத்துக்கு முன்னால் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதத்தில் பீஷ்மராக வந்தவர் அவர். அம்மா கடைசிவரை அவரைச் சக்திமான் என்று சொன்னதே இல்லை. "பீஷ்மர் வந்துட்டார் பாரு" என்றுதான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். அம்புப் படுக்கையில் கிடந்தவர் எழுந்து, சிவப்பும் பொன்னிறமுமான உடை போட்டு, ஒற்றைக் கையைத் தூக்கிச் சுழன்று பறப்பதில் அவளுக்கு எந்த முரணும் தெரியவில்லை. தவம் செய்தவருக்கு அது முடியும் என்று நம்பினாள். தொடரும் அதைத்தான் சொன்னது. ஐந்து பூதங்களிலிருந்தும் யோகத்திலிருந்தும் வந்த பலம் அது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்ததல்ல.

எனக்குப் பிடித்தது சக்திமானின் மாறுவேடமான கங்காதர். மூக்குக் கண்ணாடியும் எடுப்பான பல்லும் ஒரு முழம் நீளப் பெயருமாகப் பத்திரிகை அலுவலகத்தில் புகைப்படக்காரராக வேலை பார்ப்பார். எல்லோரும் அவரைச் சீண்டுவார்கள். சீண்டுகிறவர்களைக் காப்பாற்றப்போவது அவர்தான் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். அந்த ரகசியம் தெரிந்தவர்களாக அரைமணி நேரம் இருப்பது பெரிய சந்தோஷம். கடைசியில் சக்திமான் குழந்தைகளைப் பார்த்துப் பேசுவார்: பல் தேய்க்கணும், பொய் சொல்லக் கூடாது. தப்புச் செய்த பிள்ளை "சாரி சக்திமான்" என்று சொல்லும். எங்கள் முற்றத்திலும் எந்தத் தப்புக்கும் அதுதான் மன்னிப்புக் கேட்கும் முறை. தெலுங்கு வீட்டுப் பையன் என் பம்பரத்தை உடைத்துவிட்டு அப்படித்தான் சொன்னான், நான் மன்னித்தேன். தன்னைக் காப்பாற்றச் சக்திமான் வருவார் என்று நம்பி ஆபத்தான காரியங்களில் இறங்கிய பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு முகேஷ் கன்னாவே திரையில் வந்து, இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று வீட்டுக்காரம்மா டிவியை நிறுத்திவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அதையே மறுபடி சொன்னார்.

தொடர் முடிந்ததும் ஆண் பிள்ளைகள் நேராக நந்தன் கிரவுண்டுக்கு ஓடுவார்கள். எங்கள் பக்கத்தில் கால்பந்து என்று யாரும் சொல்வதில்லை. "பால் ஆடப் போறான்" என்றால் போதும், அது ஃபுட்பால்தான். பெண் பிள்ளைகள் ஆடுவது அப்போது வழக்கமில்லை. நான் மதில் ஓரம் உட்கார்ந்து பார்ப்பேன். அப்படித்தான் நான் பார்க்கிறவளானேன். ஆட்டத்தின் எல்லா விதியும் தெரியாது, எல்லா ஆட்டமும் பார்க்க மாட்டேன், ஆனால் ஃபைனல் என்றால் போய்விடுவேன். இந்த மாதிரி ரசிகர்களைப் பற்றிப் பெரிய ரசிகர்கள் மதிப்பாகப் பேசுவதில்லை. எங்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

அந்த கிரவுண்டில் என் தாய்மாமா ஆடினார். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்தவர். காலை ஷிப்ட் முடித்து, டிபன் கேரியரை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, பூட்ஸை எடுத்துக்கொண்டு போவார். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள் அணி வைத்திருந்த காலம் அது. நன்றாக ஆடுகிற பையனுக்கு மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் கிடைக்கும். அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஃபுட்பால் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. அது ஒரு வீட்டுக்கு அடுப்பெரிய வழி.

மாமாவிடம் கேட்டால் கதையை வெகு தூரத்திலிருந்து தொடங்குவார். ரோவர்ஸ் கோப்பையை வெள்ளைக்காரப் பட்டாளத்து அணிகளே வைத்திருந்தபோது 1937ல் அதைப் பறித்த முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ்; மறு வருஷமும் அவர்களே. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு, கடைசி நிமிஷங்களில் இன்னொரு கோல் வாங்கி, 2-1 என்று தோற்றோம். அதே அணியில் இந்த ஊர் அகமது கானும் இருந்தார். பிறகு ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்களில் ஒருவராகக் கல்கத்தாவையே கட்டிப் போட்டவர். இந்தப் பெயர்களைச் சொல்லும்போது மாமா உட்கார்ந்திருக்க மாட்டார். எழுந்து, காலால் செய்து காட்டுவார். அகமது கான் பந்தை எப்படி நிறுத்துவார் என்று அவர் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அதைக் காட்டியவர் அவருடைய பயிற்சியாளர்.

கௌதமபுரத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். அல்சூர் பக்கத்தில் இருக்கிற இந்தத் தமிழ்ப் பகுதியைப் பெங்களூருவின் குட்டி பிரேசில் என்பார்கள். அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேயின் சிலையும் நிற்கிறது. மாமா அதன் முன்னால் செருப்பைக் கழற்றினார். எனக்கு அது இயல்பாகவே தெரிந்தது. பெலே மனிதராகப் பிறந்து, பசித்து, பயிற்சி செய்து அங்கே வந்து நின்றவர். அந்தத் தெருப் பையன்களும் அதே வழியில் போகலாம் என்பதற்குத்தான் சிலை.

2000ஆம் வருஷம் ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தமிழ் பேசும் காட்டுக் கொள்ளைக்காரன் வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். 108 நாள். பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை யாரும் அந்த நாட்களை மறந்திருக்க முடியாது. முதல் நாட்களில் கடைகள் அடைத்தன, பள்ளி மூடியது. எங்கள் பகுதிக் கேபிளில் தமிழ்ச் சேனல்கள் நின்றன, தியேட்டர்களில் தமிழ்ப் படம் நின்றது. 1991 டிசம்பரில் தமிழர்களுக்கு எதிராக நடந்த காவிரிக் கலவரத்தை நேரில் பார்த்தவள் அம்மா. பஸ்ஸில் வாயைத் திறக்காதே என்று எங்களிடம் சொல்லி அனுப்புவாள். அப்பா வீட்டு வாசலில் இருந்த தமிழ் மாதக் காலண்டரை உள்ளே எடுத்து மாட்டினார். ராஜ்குமார் எங்களுக்கும் பிடித்தவர் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? அம்மா அவருக்காக அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் விளக்குப் போட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் 12 மணி ஆனது. நாங்கள் போகலாமா என்று அம்மாவுக்குத் தயக்கம். வீட்டுக்காரம்மா எங்கள் கதவைத் தட்டி, "மக்களு யாக்கே பர்லில்லா?" என்று கேட்டார். பிள்ளைகள் ஏன் வரவில்லை என்றால் வேறு எதுவும் யோசிக்கத் தேவையில்லை என்று அம்மா புரிந்துகொண்டாள். போய் உட்கார்ந்தோம். இருட்டே நிலைக்கட்டும் என்று வில்லன் கில்விஷ் முழங்கினான். சக்திமான் வந்தார். யாருடைய மொழியும் இல்லாத இந்தியில், எந்த ஊர்க்காரர் என்று நாங்கள் ஒருநாளும் கேட்காத ஒருவர், எல்லோரையும் காப்பாற்றினார். கன்னட வீட்டுத் தரையில் உருதுப் பிள்ளைக்கும் தெலுங்குப் பிள்ளைக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். ஊரில் அந்த அரைமணி நேரம் என் வாயிலிருந்து எந்த மொழி வருகிறது என்று யாரும் கவனிக்கவில்லை.

கிரவுண்டிலும் அதுதான். அங்கே மாமா கத்துவது பாதி கன்னடம், பாதி தமிழ், நடுவில் "பாஸ் கொடு" என்பதற்கு எல்லா மொழியிலும் ஒரே பாஸ். தொழிற்சாலை அணியில் அவருக்கு இடதுபுறம் ஆடியவர் மண்டியாக்காரர். அந்த நாட்களில் அவர் மாமாவைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டு வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இதனால்தான் இரண்டையும் நான் ஒன்றாகவே நினைக்கிறேன். அதிமானுடத் தொடர் வேறு, கோப்பைக்கான ஆட்டம் வேறு என்று பிரிக்கிறவர்கள் இருக்கலாம். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்தன.

பிறகு தொழிற்சாலை அணிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. எச்.ஏ.எல். 2011-12 பருவத்தில் ஐ-லீக்கில் கடைசி இடத்துக்குப் போய்க் கீழே இறங்கியது. தேசிய லீக்கில் பெங்களூருக்கு ஓர் அணி இல்லாமல் போனது. அந்த வெற்றிடத்தில்தான் 2013 ஜூலையில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது. முதல் ஆட்டம் செப்டம்பர் 22, மோகன் பகானோடு, அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில், 1-1. நாங்கள் நடந்தே போகிற தூரம். மாமா சந்தேகத்தோடு வந்தார். கம்பெனிக்காரன் விளம்பரத்துக்கு நடத்துகிற அணி எத்தனை நாளைக்கு என்றார். ஆனால் ஆஷ்லி வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் ஆட்டக்காரர்களை ஓட வைத்த விதத்தைப் பார்த்ததும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் பருவத்திலேயே, 2014 ஏப்ரலில், கோவாவில் டெம்போவை வென்று லீக்கையே ஜெயித்தார்கள்.

ஸ்டேடியத்தில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது கூட்டம். மாமாவோடு டிவிஷன் மேட்ச் பார்க்கப் போனால் நரைத்த தலைகள்தான் இருக்கும், எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இப்போது மேற்கு மூலையில் நீலச் சட்டை போட்ட இளைஞர்கள் தொண்ணூறு நிமிஷமும் நின்றுகொண்டே பாடினார்கள். வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்று பெயர். அவர்களில் பலர் ஐ.டி. வேலைக்கு ஊர் ஊராக வந்தவர்கள். ஆஸ்டின் டவுன் எங்கிருக்கிறது என்றே தெரியாதவர்கள். மாமாவுக்கு முதலில் கோபம்: "ராமன் யாருன்னு கேளு, தெரியாது." இரண்டாவது பருவத்தில் அணி கண்டீரவா ஸ்டேடியத்துக்கு மாறியது. ஓட்டப்பந்தயப் பாதை நடுவில் இருப்பதால் அங்கே ஆட்டம் தள்ளித்தான் தெரியும். ஆனாலும் பாட்டு அங்கேயும் போனது, மாமாவும் போனார். கோபம் தானாக அடங்கியது.

2016 செப்டம்பரில் மறுபடி காவிரி. 12ஆம் தேதி நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. பல போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வர நான் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. எழுத விரும்புவது அக்டோபர் 19. ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதி, கண்டீரவாவில், நடப்புச் சாம்பியன் மலேசியாவின் ஜொகூர் அணியோடு. முதல் கோல் அவர்களுடையது. அதன் பிறகு சுனில் சேத்ரி இரண்டு, ஹுவானன் ஒன்று. 3-1. ஓர் இந்திய அணி அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போவது அதுதான் முதல்முறை. கத்தியதில் அடுத்த நாள் குரலே இல்லை. என்ன மொழியில் கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்தில் இருந்தவர் யாரென்றும் தெரியாது, கட்டிப்பிடித்துக்கொண்டோம். நவம்பரில் தோஹாவில் இராக்கின் விமானப்படை அணியிடம் 1-0 என்று தோற்றதைச் சேத்ரி அளவுக்கு நாங்களும் தாங்கிக்கொண்டோம்.

இதெல்லாம் 2018 மார்ச் 17க்கு முன்கதை.

அந்தப் பருவத்தில்தான் பெங்களூரு இந்தியன் சூப்பர் லீக்குக்கு, அதாவது ஐ.எஸ்.எல்.லுக்கு, வந்திருந்தது. லீக் சுற்றில் 18 ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்து முதலிடம். இரண்டாம் இடத்துக்கு வந்த சென்னையின் எஃப்.சி.க்கு 32. லீக்கில் முதலிடம் வந்தவர்களுக்குத் தனிக் கேடயம் தருகிற வழக்கம் அப்போது இல்லை. எல்லாம் ஃபைனலில்தான் முடிவாகும். ஃபைனல் கண்டீரவாவில். எதிரணி சென்னை. அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 16 அன்று, உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பைச் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டிய தண்ணீர் 192லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. சென்னையில் கொதிப்பு, இங்கே நிம்மதி கலந்த பதற்றம். ஏப்ரலில் அதே விவகாரத்தால் சென்னை சூப்பர் கிங்ஸின் உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கே போய்விட்டன. இந்த இரண்டுக்கும் நடுவில், சென்னை அணி பெங்களூரு மைதானத்தில் கோப்பைக்கு ஆட வந்தது.

சென்னையிலிருந்து சித்தப்பா மகன் காலையிலேயே கேட்டான்: "நீ யார் பக்கம்?" விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் பெங்களூரில் பிறந்த தமிழர்களிடம் வேறு குரல்களில், வேறு நேரங்களில் கேட்கப்பட்டுவந்த கேள்வி அது. "பெங்களூரு" என்று உடனே பதில் அனுப்பினேன். அதில் எனக்கு ஒரு நொடி யோசனையும் இல்லை. நான் ஆஸ்டின் டவுன்காரி. என் அணி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆடுகிறது.

அம்மாவுக்குத்தான் கவலை. சென்னை ஜெயித்துவிட்டால் கூட்டத்தில் தமிழ் பேசாதீர்கள் என்று மாமாவிடமும் சொன்னாள். அவர் அறுபதைத் தாண்டிய மனுஷர், "சரிக்கா" என்று தலையாட்டினார்.

ஒன்பதாவது நிமிஷம். வலதுபக்கத்திலிருந்து உதாந்தா அனுப்பிய பந்தைச் சேத்ரி தாவித் தலையால் உள்ளே தள்ளினார். கண்டீரவா அதிர்ந்ததை உடம்பால் உணர்ந்தேன். பறந்து வந்து காப்பாற்றுகிறவர் வந்துவிட்டார் என்றே அப்போது தோன்றியது. இனி என்ன, முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பழகிய மனசு அப்படித்தான் நினைக்கும்.

17ஆவது நிமிஷம் கார்னர். கிரெகரி நெல்சன் உதைத்தார், பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ் எம்பித் தலையால் அடித்தார். 1-1. இடைவேளைக்குச் சற்று முன்பு மறுபடி கார்னர், மறுபடி நெல்சன், மறுபடி மைல்சன். 67ஆவது நிமிஷம் ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து தாழ்வாக அடித்தது மூலைக்குள் போனது. 3-1. தொண்ணூறு நிமிஷம் தாண்டி மிகு ஒன்றைத் திருப்பினார், நேரம் போதவில்லை. 18 ஆட்டத்தில் எட்டுப் புள்ளி முன்னால் நின்ற அணி, ஒரே இரவில், சொந்த மைதானத்தில் தோற்றது.

எனக்குக் கண்ணில் நீர் நின்றது. மாமா ஒன்றும் பேசவில்லை. சென்னையின் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார். நடுக்களத்தில் அன்று ஓடியவர்களில் தனபால் கணேஷும் ஒருவர், வடசென்னை வியாசர்பாடிப் பையன். வியாசர்பாடியும் எங்கள் பக்கம் மாதிரியே ஃபுட்பாலால் பிழைக்கிற இடம். "என்னா ஓட்டம் ஓடினான் பார்த்தியா" என்றார் மாமா, தமிழில், சத்தமாக.

எங்களுக்கு முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பெங்களூரு ஜெர்சி, கழுத்தில் நீலத் துண்டு. நான் மாமாவின் கையைப் பிடித்தேன். அவர் மாமாவைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னார்: "எரடு கார்னர், எரடு கோல் சார். அவனன்ன யாரு மார்க் மாடிதரு?" அவனை யார் மார்க் செய்தார்கள்? மாமாவுக்கு அதற்கு மேல் அழைப்பு வேண்டியிருக்கவில்லை. முதல் கார்னரில் யார் எங்கே நின்றார்கள், இரண்டாவதில் அதையே ஏன் திருத்தவில்லை, பந்து வரும்போது ஆளைப் பிடிப்பதா இடத்தைப் பிடிப்பதா என்று இருவரும் ஸ்டேடியம் காலியாகும்வரை பேசினார்கள். மாமா கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். அவர் கன்னடத்திலேயே பதில் சொல்வார். கேட் வரை சேர்ந்தே நடந்தோம். மைதானத்தின் மறுபக்கம் சென்னை ரசிகர்கள் தங்கள் பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். அந்த இரவில் யாரும் யாரையும் தொடவில்லை. நதி நீரைப் பற்றி எங்கள் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை.

அந்த மூன்று பேர் நடையை எந்தக் கோப்பைக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இரண்டரை மாதம் கழித்து, ஜூன் 2 அன்று, சேத்ரி ஒரு வீடியோ போட்டார். மும்பையில் அவர் ஹாட்ரிக் அடித்து இந்தியா சீன தைபேயை 5-0 என்று வென்ற ஆட்டத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் வந்திருந்தார்கள். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் ஸ்டேடியத்துக்கு வந்து திட்டுங்கள் என்று கைகூப்பிக் கேட்டார். அடுத்த ஆட்டம் அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டம், டிக்கெட் தீர்ந்துபோனது. அந்த வீடியோ பேசியது என்னைப் போன்றவர்களிடம். விடாமல் வருகிறவர்கள் எப்படியும் வருவார்கள். எப்போதாவது வருகிறவர்கள்தான் ஒரு ஸ்டேடியத்தை நிரப்புகிறார்கள், நிரம்பிய ஸ்டேடியம்தான் வியாசர்பாடிப் பையனுக்கும் கௌதமபுரத்துப் பையனுக்கும் சம்பளமாகிறது. ஓட்டுப் போடுகிற எல்லோரும் கட்சிக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. ரசிகர்களும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரியாக ஒரு வருஷம் கழித்து அதே மார்ச் 17ல், மும்பையில், 117ஆவது நிமிஷத்தில் ராகுல் பேக்கே தலையால் அடித்த கோலில் பெங்களூரு கோவாவை வென்று கோப்பையை எடுத்தது. அதுவும் கார்னரிலிருந்து வந்த கோல். மாமா டிவி முன்னால் எழுந்து நின்றார். முன்வரிசைக்காரரின் நம்பரை வாங்கி வைத்திருக்கலாமே என்றுதான் முதலில் சொன்னார்.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் சக்திமானை மறுபடி ஒளிபரப்பியது. அக்கா மகனுக்கு அப்போது ஏழு வயது. பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். கிராபிக்ஸ் அவனுக்குப் போதவில்லை, கங்காதர் பிடித்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அவன் எனக்கு மிஸ் மார்வெலைக் காட்டினான். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான். தானே அதிமானுடர்களின் பெரிய ரசிகை, பிறகு தானே ஒருத்தியாகிறாள். வீட்டில் உருது, தெருவில் மசூதி, பாட்டியின் நினைவில் 1947ன் ரயில். எனக்கு அது மிகவும் பிடித்தது. எங்கள் முற்றத்து உருதுப் பிள்ளை அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் காலத்து நாயகி ஒரு தெருவிலிருந்தும் ஒரு மொழியிலிருந்தும் வருகிறாள், அது நல்லது. எங்கள் காலத்து நாயகனுக்கு எந்தத் தெருவும் இல்லை. 2000ஆம் வருஷத்துப் பெங்களூரில் எனக்குத் தேவைப்பட்டவர் அப்படிப்பட்டவர்தான்.

சேத்ரியிடமும் அதுவே எனக்கு ஈர்ப்பு. செகந்தராபாத்தில் பிறந்தவர், நேபாளிக் குடும்பம், அப்பா ராணுவத்தில் இருந்தவர். இந்த ஊருக்கு ஆட வந்தவரை இந்த ஊர் தன் ஆளாக வைத்துக்கொண்டது. அவர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்று கண்டீரவாவில் ஒருவரும் கேட்டு நான் கேட்டதில்லை.

2025 ஜூலையில் அப்போது ஐ.எஸ்.எல்.லை நடத்திய நிறுவனம், ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதால் அடுத்த பருவத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. அந்தச் செய்தியை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். தன் தொழிற்சாலை அணி கலைந்த நாளைப் பற்றி அவர் அதுவரை பேசியதே இல்லை, அன்று பேசினார். சக்திமானை எத்தனை வருஷம் கழித்தும் மறுபடி போடலாம். 23 வயதுப் பையன் ஒருவனின் ஒரு பருவத்தை மறுபடி போட முடியாது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கும், ஓடுகிறவனுக்குப் பத்து வருஷம்தான்.

மாமாவின் மனசை மாற்ற அக்கா மகன் ஒரு வேலை கொடுத்தான்: இந்த ஊருக்கு ஆடியவர்களை வைத்து எல்லாக் காலத்துக்குமான பதினொரு பேர் அணி. தாளும் பேனாவும் வந்தன. முன்னால் ராமன், சேத்ரி. உள்ளே அகமது கான். நடுக்களத்துக்குக் கார்ல்டன் சாப்மன், இந்த ஊர்ப் பிள்ளை, இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவர், 49 வயதில் 2020ல் போய்விட்டவர். அவர் பெயரை மாமாவே தன் கையால் எழுதினார். பின்களத்துக்கு ஹுவானனா பேக்கேயா என்று சண்டை. கோலிக்கு யார் என்று வந்தபோது பையன் சக்திமான் என்றான்.

"அவரு வந்தா மேட்ச் எதுக்குடா? நான் டிக்கெட் வாங்க மாட்டேன்" என்றார் மாமா.

குர்ப்ரீத்தைப் போடலாம் என்றேன். உயரம் இருக்கிறது, 2019ல் கோப்பை எடுத்தவர். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. தன் தொழிற்சாலை அணியில் ஒரு கோலி இருந்தார், கார்னரில் அவர் கை மேலே போனால் மைல்சன் இல்லை, யாராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று எழுந்து நின்று காட்டத் தொடங்கினார். பையன் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மாற்று ஆட்டக்காரர்கள் பட்டியலை எழுத ஆரம்பித்தான்.